நைல் நதிக் கப்பல் பயணம்: பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

எகிப்தில் லக்ஸரிலிருந்து அஸ்வான் வரை நைல் நதியில் கப்பலில் போகலாமா, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். எங்கள் வீட்டில் பயணத் திட்டம் போடுவது என் பொறுப்பு. மாமியாரையும் கணவரையும் கூட்டிக்கொண்டு அந்த வழியில் போய் வந்திருக்கிறேன். கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: ஏஜென்ட் அனுப்பிய நாள்வாரித் திட்டத்தைக் கையில் எடுங்கள். பகல் வெளிச்சத்தில் கப்பல் நகர்கிற நேரம் எத்தனை மணி என்று கூட்டிப் பாருங்கள். கோயில்களைக் காரில் போயும் பார்த்துவிடலாம். கப்பலுக்கென்று கூடுதலாகக் கொடுக்கிற பணம் அந்தப் பகல் நேரத்துக்குத்தான்.

இந்தக் கணக்கை ஏன் போடச் சொல்கிறேன் என்றால், தூரம் ரொம்பக் குறைவு. ஆற்று வழியாக 200 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். வழக்கமாக லக்ஸரில் ஏறினால் 4 இரவு, அஸ்வானில் ஏறினால் 3 இரவு. அந்த 4 இரவிலும் கப்பல் ஓடுகிற நேரத்தையெல்லாம் சேர்த்தாலும் ஏறக்குறைய ஒரு முழு நாள்கூட வராது. மீதி நேரம் கரையில் கட்டித்தான் நிற்கும். அந்தக் கொஞ்ச ஓட்டத்தையும் சில கப்பல்கள் ராத்திரியிலேயே முடித்துவிடுகின்றன. காலையில் திரையை விலக்கினால் வழியில் இருக்கும் கோயில் ஊரான எட்ஃபு வந்திருக்கும். அப்படிப்பட்ட திட்டம் என்றால் வேண்டாம் என்பேன். இரண்டு பிற்பகலாவது மேல்தளத்தில் உட்கார்ந்து கரையைப் பார்க்கக் கிடைக்க வேண்டும்.

கிடைத்தால் அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். கரையோரம் பேரீச்சை மரங்கள், கரும்புத் தோட்டம், தண்ணீரில் இறங்கி நிற்கும் எருமைகள், வெள்ளைக் கொக்குகள். "நம்ம முக்கொம்புப் பக்கம் மாதிரியே இருக்கேம்மா" என்றார் என் மாமியார். "அத்தை, கொஞ்சம் மேலே பாருங்க" என்றேன். பச்சைக்கு நேர் பின்னால், இடைவெளியே இல்லாமல், மஞ்சள் நிறப் பாலைவனக் குன்று நிற்கிறது. எகிப்து முழுவதும் இந்த மெல்லிய பச்சைக் கோட்டை நம்பித்தான் பிழைத்தது என்பதைக் கண்ணால் பார்ப்பது கப்பலில்தான். கார் ஜன்னலில் அது துண்டு துண்டாகத்தான் தெரியும்.

எஸ்னாவில் தடுப்பணை இருக்கிறது. அதன் நீர்ப்பூட்டு (கப்பலை உள்ளே நிறுத்தி நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) வழியாக ஒரு நேரத்தில் இரண்டு கப்பல்தான் போக முடியும் என்பதால் வரிசையில் காத்திருக்க நேரிடும். அந்த நேரத்தில் சின்னத் துடுப்புப் படகுகளில் வியாபாரிகள் கப்பலை ஒட்டி வந்துவிடுவார்கள். மேசை விரிப்பு, நீள அங்கி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் சுருட்டி, கீழிருந்து பல மாடி உயரத்துக்கு வீசுவார்கள். சரியாக நம் காலடியில் வந்து விழும். பிடித்திருந்தால் பேரம் பேசிப் பணத்தை அதே உறையில் போட்டுக் கீழே எறியலாம். பிடிக்காவிட்டால் துணியைத் திருப்பி எறியலாம். என் மாமியார் ரயில் வரும் வரை காய்கறிக்காரரோடு பேசுவதைப் போல நிதானமாகப் பேசி ஒரு விரிப்பு வாங்கினார். எஸ்னாவைப் பகலில் கடக்குமா என்று ஏஜென்டிடம் கேட்டு வைப்பது நல்லது.

இனி, கார் வழியையும் நியாயமாக எடைபோட வேண்டும். லக்ஸரில் இரண்டு இரவு, அஸ்வானில் இரண்டு இரவு ஹோட்டல். நடுவில் ஒரு நாள் காரும் ஓட்டுநரும். எட்ஃபு, கோம் ஓம்போ கோயில்கள் இரண்டுமே போகிற வழியில்தான் இருக்கின்றன. இந்தச் செலவைக் கூட்டி, கப்பல் விலைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். கார் வழியில் ஒரு பெரிய வசதி உண்டு: கூட்டத்தைத் தவிர்க்கலாம். எட்ஃபு ஹோரஸ் கோயில் கி.மு. 237-இல் தொடங்கிக் கி.மு. 57-இல் முடித்தது, 36 மீட்டர் உயர முகப்போடு இன்றைக்கும் கூரையோடு நிற்கிறது. ஆனால் கப்பல்கள் எல்லாம் விடியற்காலையில் ஒரே சமயத்தில் ஆட்களை இறக்கிவிடும். உள்ளே நகர முடியாது. நண்பகலில் காரில் வருகிறவர்களுக்கு அதே மண்டபம் காலியாகக் கிடைக்கும். கோயிலுக்காகவே போகிற ஆள், சிற்பம் சிற்பமாக நின்று பார்க்கிற ஆள் என்றால், காரில் போங்கள். மணி அடித்ததும் கப்பலுக்குத் திரும்பு என்பது அவர்களுக்குச் சரிப்படாது.

எட்ஃபுவில் கரையிலிருந்து கோயிலுக்குக் குதிரை வண்டியில்தான் பெரும்பாலும் கூட்டிப்போகிறார்கள். குதிரைகளின் நிலை பல நேரம் பார்க்கச் சகிக்காது. டாக்ஸியோ ஆட்டோவோ வேண்டும் என்று முதல் நாளே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள், ஏற்பாடு செய்வார்கள்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப்போகிறீர்களா? அப்படியானால் கப்பலின் பக்கம் தராசு சாயும். பெட்டியை ஒரே முறை பிரித்தால் போதும், மதியம் அறைக்கு வந்து படுக்கலாம், வெயிலில் நெடுந்தூரம் காரில் குலுங்க வேண்டாம். கோம் ஓம்போ கோயில் கரையிலேயே இருக்கிறது. சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகு இறங்கி நடந்தே போய், முதலைத் தலைத் தெய்வமான சோபெக்கையும், பக்கத்து அருங்காட்சியகத்தில் பதப்படுத்தி வைத்த முதலைகளையும் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் இரண்டு விஷயம் கேட்டே ஆக வேண்டும். கப்பலில் லிஃப்ட் உண்டா? பல கப்பல்களில் கிடையாது. அப்புறம், கரையில் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாகக் கட்டுவார்கள். நம் கப்பல் வெளிப்பக்கம் நின்றால், மற்ற கப்பல்களின் வரவேற்புக் கூடங்கள் வழியாகவே கரைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு கப்பலின் தளமும் ஒவ்வோர் உயரம். நடுவில் ஒரு பலகை, ஒரு படி, ஒரு இடைவெளி. பணியாளர்கள் கை கொடுக்கிறார்கள், ஆனாலும் தடுமாறுகிறவர்களுக்கு அது தினமும் ஒரு சோதனைதான். அஸ்வானில் இருக்கும் ஃபிலே கோயிலுக்கும் மோட்டார் படகில் ஏறி இறங்க வேண்டும். அஸ்வான் உயர் அணை வந்த பிறகு, நீரில் மூழ்கிக்கொண்டிருந்த அந்தக் கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து அகில்கியா என்ற தீவில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

இப்படி ஒட்டிக் கட்டுவதால் இன்னொன்றும் நடக்கும்: உங்கள் அறை ஜன்னலைத் திறந்தால் அடுத்த கப்பலின் அறை ஜன்னல் தெரியும். அதனால் ஜன்னல் பெரிதாக உள்ள விலை உயர்ந்த அறைக்குக் காசைக் கொட்ட வேண்டாம் என்பது என் எண்ணம். நதியைப் பார்க்க மேல்தளம் எல்லாருக்கும் பொது. தண்ணீர் மட்டத்தை ஒட்டிய கீழ்த்தளமும், எஞ்சினுக்குப் பக்கத்து அறையும் மட்டும் வேண்டாம்.

பெரிய கப்பல் வேண்டாம், நதிதான் வேண்டும் என்கிறவர்களுக்கு தஹாபியா என்ற பாய்மரப் படகு இருக்கிறது. சில அறைகள்தான் இருக்கும். நைல் வடக்கு நோக்கி ஓடுகிறது. காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே வீசுகிறது. அதனால்தான் ஆற்றை எதிர்த்துத் தெற்கே போகப் பாய் விரித்தால் போதும் என்று பழங்காலத்திலிருந்தே பழகியிருக்கிறார்கள். காற்று விழுந்தால் ஒரு சின்ன இழுவைப் படகு இழுத்துப்போகும். கெபெல் அல்-சில்சிலா என்ற மணற்கல் வெட்டிய பழைய குவாரி போல, பெரிய கப்பல்கள் நிற்காத இடங்களில் இது நிற்கும். பெரும்பாலும் எஸ்னாவிலிருந்து கிளம்பும். விலை அதிகம், லிஃப்ட்டுக்கு வழியே இல்லை, ஆனால் பகலில் நகர்கிற நேரம் என்ற என் கணக்கில் இதுதான் முதலிடம். கையில் காசும் காலில் தெம்பும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

எந்த மாதம் என்பதில் நம் ஊர்க் குடும்பங்களுக்குச் சிக்கல் உண்டு. பள்ளி விடுமுறை மே மாதம். அங்கே அப்போது வெயில் 40 டிகிரியைத் தாண்டும், மேல்தளத்தில் உட்காரவே முடியாது. உட்கார முடியாவிட்டால் கப்பல் எதற்கு? மே மாதம்தான் முடியும் என்றால் எகிப்தையே வேறு வருடத்துக்குத் தள்ளிவையுங்கள். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். டிசம்பர் கடைசியில் அரையாண்டு விடுமுறைக்குப் போகலாம், ஆனால் அது அங்கேயும் உச்ச சீசன், விலை ஏறியிருக்கும். ஜனவரி மாலைகளில் மேல்தளத்தில் ஸ்வெட்டர் இல்லாமல் இருக்க முடியாது.

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். அவரைப் பருப்பை வேகவைத்த ஃபூல், அதே பருப்பில் சுடுகிற தாமெய்யா வடை, பருப்பு சூப், சேமியா கலந்த சோறு, எள் தஹினி, தயிர் எல்லாம் தினமும் கிடைக்கும். சூப்பில் கோழிச் சாறு சேர்த்திருக்கிறதா என்று மட்டும் ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

தமிழ்த் தொடர்பைத் தேடிப் போகிறவர்கள் கவனிக்க: செங்கடல் கரையில் குசைர் அல்-கதீமில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. செங்கடலில் இறங்கிய நம் மிளகு பாலைவனம் தாண்டி, இன்றைய கிஃப்ட் ஊருக்கு வந்து, அங்கிருந்து நைல் வழியாக அலெக்சாந்திரியா போனது. கிஃப்ட் இருப்பது லக்ஸருக்கு வடக்கே. வழக்கமான கப்பல் போவது தெற்கே. லக்ஸரிலிருந்து டெண்டெரா கோயிலுக்குக் காரில் போனால் கிஃப்ட் வழியில் வரும். அதற்காகக் கப்பலைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கப்பல் விலையில் எது சேரும், எது சேராது என்பதையும் எழுதி வாங்குங்கள். மூன்று வேளைச் சாப்பாடு சேரும். குடிதண்ணீர் பாட்டில் உட்படப் பானங்கள் பெரும்பாலும் தனி. பணியாளர்களுக்கான டிப்ஸ் கடைசி நாளில் தனி. அஸ்வானிலிருந்து 280 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் அபு சிம்பெல் கோயில்களுக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம்; விடியுமுன் 4 மணிக்கே கிளம்ப வேண்டியிருக்கும். லக்ஸரில் ராஜாக்களின் பள்ளத்தாக்கில் துத்தன்காமுன் மன்னனின் கல்லறைக்குத் தனி டிக்கெட். தனியாகப் போகிறவர்களுக்கு இரட்டை அறையின் கூடுதல் கட்டணமும் சேரும். கப்பலின் பெயருக்குப் பதிலாக "அல்லது அதே தரத்தில் வேறு கப்பல்" என்று போட்டிருந்தால், எந்தக் கப்பல், எந்தத் தளம், எஸ்னாவை எத்தனை மணிக்குக் கடக்கும் என்பது எழுத்தில் வரும் வரை முன்பணம் கட்டாதீர்கள்.