தெக்கோங் போனவனும் ஒன்றரை நாள் லீவும்

என் ஆள் சிங்கப்பூரில் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பணிக்கு, தெக்கோங் தீவுப் பயிற்சி முகாமுக்குப் போனபோது தோழிகள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "அஞ்சு நாள் பார்க்காம எப்படிடி இருப்பே?" அஞ்சு நாள் தானாக ஓடிவிடும். என்னைப் படுத்தி எடுத்தது அவன் வெளியே வரும் அந்த ஒன்றரை நாள்தான். அதனால் இதில் பாதிக்கு மேல் சனி, ஞாயிறு கதையாகத்தான் இருக்கும்.

முதலில் கணக்கு. உடற்தகுதித் தேர்வில் தேறிய பையன்களுக்கு அடிப்படை ராணுவப் பயிற்சி 9 வாரம். தேறாதவர்களுக்கு இன்னும் நீளும். அவனுடைய பேட்ச்சுக்கு முதல் 2 வாரம் வீட்டுப் பக்கமே விடவில்லை. அதற்குப் பிறகுதான் வார இறுதியில் 'புக் அவுட்', அதாவது முகாமிலிருந்து வீட்டுக்கு விடுவது. நடுவில் ஒரு வாரம் காட்டில் 'ஃபீல்ட் கேம்ப்', கடைசியில் 24 கிலோமீட்டர் நடை, அணிவகுப்பு. இந்த நான்கையும் காலண்டரில் பென்சிலால் குறித்து வையுங்கள். பேனா வேண்டாம், தேதி மாறும்.

அவன் ஜனவரி பேட்ச். அவன் அம்மா, அப்பா, தங்கை மூவரும் கூடவே படகில் போய், தங்கும் அறையைப் பார்த்து, அங்கேயே மதியச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். என்னை அந்த வீட்டில் அப்போது "ஜேசி ஃபிரண்டு", அதாவது ஜூனியர் காலேஜ் தோழி என்றுதான் தெரியும், அதனால் நான் போகவில்லை. அதற்குப் பதிலாக சாங்கி கடற்கரைக்குப் போய் தீவு இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மரம்தான் தெரிந்தது. நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு வந்தேன். நீங்கள் நேராக நாசி லெமாக்குக்கே போய்விடலாம்.

அந்த 2 வாரத்துக்குள் பொங்கலும் வந்தது. லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் கரும்பும் பானையுமாகக் கிடக்க, எனக்குத் தொண்டை அடைத்தது. பண்டிகை நாளில் தனியாக வீட்டில் உட்காராதீர்கள், யாரையாவது இழுத்துக்கொண்டு தேக்கா பக்கம் போய்வாருங்கள்.

அடுத்து, போன். பகலில் கையில் இருக்காது. ராத்திரி கொஞ்ச நேரம்தான் கிடைக்கும், அதற்குள் குளியல், துணி, அம்மாவுக்கு ஒரு கால் எல்லாம் முடிய வேண்டும். நான் முதல் வாரம் நீள நீளமாகக் குரல் பதிவு அனுப்பினேன். பத்துப் பதினைந்து பேர் படுக்கும் அறையில் அதை அவன் எங்கே போய்க் கேட்பான்? தமிழில்தானே பேசுகிறோம், யாருக்குப் புரியப்போகிறது என்று ஒருநாள் ஸ்பீக்கரில் போட்டானாம். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தது இன்னொரு தமிழ்ப் பையன். மறுநாள் காலையில் அந்தப் பையன் என் ஆளை "செல்லம்" என்று கூப்பிட்டிருக்கிறான். அதனால் எழுத்தில் அனுப்புங்கள். பகல் முழுக்க நடந்ததை ஒரே செய்தியாக எழுதி, கடைசி வரியில் ஒரே ஒரு கேள்வி. 'லாஸ்ட் சீன்' பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அதில் ஒரு நன்மையும் இல்லை.

பயம் வரும். என் மாமா வேறு, அவன் போகிற வாரம் பார்த்து தெக்கோங் பேய்க் கதையையும், அறைக்கு மூன்றாவது கதவு வைத்த கதையையும் சொல்லித் தொலைத்தார். எனக்கு உண்மையிலேயே நிம்மதி தந்தது வேறு: ராத்திரி 7 மணி நேரம் தடையில்லாத ஓய்வு கொடுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. வெயிலில் இறங்குவதற்கு முன்னால் வரிசையில் நிற்க வைத்துத் தண்ணீர் குடிக்க வைக்கிறார்கள். உள்ளே ஏதோ சரியில்லை என்று அவன் குரலிலேயே தெரிந்தால், ராணுவத்துக்கென்றே 24 மணி நேர ஆலோசனைத் தொலைபேசி இருப்பதை ஞாபகப்படுத்துங்கள். உங்களுக்கே தாங்கவில்லை என்றால் மனநெருக்கடி உதவி எண் 1767.

இப்போது கடிதம். ஃபீல்ட் கேம்ப்பின்போது வீட்டிலிருந்து வந்த கடிதத்தைப் பையன்கள் கையில் கொடுப்பார்கள். குழி தோண்டி, மழையில் நனைந்து, குளிக்காமல் பவுடரைப் போட்டுத் தேய்த்துக்கொண்டு திரியும் நேரத்தில் அது வரும். பெற்றோரிடம்தான் கேட்பார்கள், காதலியிடம் யாரும் கேட்க மாட்டார்கள். நான் அவன் தங்கையைப் பிடித்தேன். ஆன்ட்டியின், அதாவது அவன் அம்மாவின், கடிதத்துக்குள்ளேயே என்னுடையதையும் மடித்து வைத்துவிட்டாள். அதனால் சொல்கிறேன், வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும்.

நான் தமிழில் எழுதினேன். டியூஷன் சென்டரில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் கை, அழகாகத்தான் எழுதியிருந்தேன். அவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஒரு பக்கத்தை மூன்று ராத்திரி வாசித்தானாம். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஜிப்லாக் பையில் போட்டுக் கொடுத்ததால் மை கரையவில்லை, ஆனால் ஓரத்தில் முகத்துக்குப் பூசும் பச்சை மையோடு ஒரு கட்டைவிரல் ரேகை. 'பொறுக்கி' என்று செல்லமாக எழுதியிருந்த இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. எழுதும்போது "எப்போ வருவே", "அழுதேன்" எல்லாம் வேண்டாம். கோப்பிக்கடை அங்கிள் அவனை விசாரித்தது, லிஃப்ட் மறுபடி பழுதானது, இந்த மாதிரி எழுதுங்கள்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம்.

முதல் புக் அவுட் அன்று பாசிர் ரிஸ் பேருந்து நிலையத்தில் காத்திருந்தேன். ஒரே பச்சை உடுப்பு, ஒரே மொட்டை, ஒரே கறுப்புப் பை. வேறு ஒரு பையனைப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டேன். அன்றைக்கு ஆன்ட்டி மட்டன் சமைத்திருந்தார், அங் மோ கியோவில் பாட்டியைப் பார்க்க வேண்டும், உடுப்பு துவைக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது 2 மணி நேரம். சினிமாவுக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். விளம்பரம் முடிவதற்குள் குறட்டை. நான் சண்டை போட்டேன், அவன் கோபத்தோடு படகு ஏறினான், அடுத்த ஐந்து நாளும் நாசம்.

அதற்குப் பிறகு செய்தது இதுதான். புதன்கிழமையே நேரத்தைப் பேசி முடித்துவிடுவோம்: சனி வீட்டுக்கு, ஞாயிறு 11 மணி முதல் 3 மணி வரை எனக்கு. வெளியே சுற்றும் திட்டம் எதுவும் கிடையாது. அவன் தூங்கினால் தூங்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகளின் பயிற்சித்தாள்களைத் திருத்துவேன். முதல் அரைமணி நேரம் அவன் பேச்சு. எல்லாம் ஐபிபிடி (உடற்தகுதித் தேர்வு), எஸ்ஓசி (தடை தாண்டும் ஓட்டம்) என்று சுருக்கெழுத்தாக இருக்கும், ஒரு கதைக்கு ஒருமுறைதான் குறுக்கே கேட்கலாம். அடுத்தது உங்கள் பேச்சு, அதை விட்டுக்கொடுக்காதீர்கள். "உனக்கென்ன, ஏர்கான்ல உட்கார்ந்திருக்கே" என்று ஒருநாள் சொல்லுவான். யாருக்குக் கஷ்டம் அதிகம் என்று போட்டியில் இறங்கினால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

ஞாயிறு 4 மணி ஆனதும் முகம் இருண்டுவிடும். "என்னாச்சு?" என்று கேட்காதீர்கள். உடுப்பை மடிக்க உட்காருங்கள்.

ஒரு ஞாயிறு வழியனுப்பப் போன இடத்தில் ஆன்ட்டியும் நின்றார். திரும்பி வரும் ரயிலில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில். அவர் மடியில் காலி டப்பர்வேர். தாம் நிச்சயமாகியிருந்த காலத்தில் அங்கிள் சேவையில் இருந்ததைச் சொன்னார். அப்போது இரண்டரை வருஷம், காசு போடும் போனுக்கு வரிசை. தெம்பனிஸ் தாண்டியதும், "இனி சனிக்கிழமை நீயும் வீட்டுக்கே வந்துடு. அவன் தூங்குறதை ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்" என்றார். தங்கை எப்போதோ போட்டுக்கொடுத்திருக்கிறாள்.

சாமான் விஷயத்தில் ஆசைப்பட்டு வாங்கிக் குவிக்க வேண்டாம். முக்கியமானதெல்லாம் அங்கேயே தருகிறார்கள். ஜிப்லாக், பவுடர், கால் பிளாஸ்டர், கொசு மருந்து போதும். சில்லறைப் பொருள் ஏதாவது வேண்டுமென்றால் பீச் ரோடு கோல்டன் மைல் உணவு நிலையத்தின் மேல்மாடி ராணுவக் கடைகளில் கிடைக்கும்.

அணிவகுப்பு நாளில் சீக்கிரம் போய் இடம் பிடியுங்கள், தொப்பியும் தண்ணீரும் அவசியம். தொப்பியைத் தூக்கி எறிவதைப் படம் எடுக்கிறேன் என்று போனுக்குள் முகத்தைப் புதைத்து நான் அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை. அன்றைக்கு எங்கேயும் நடக்கத் திட்டம் போடாதீர்கள். 24 கிலோமீட்டர் நடந்த கால், கொப்புளம் கொப்புளமாக இருக்கும். பையில் ஒரு ஜோடி ஜப்பான் செருப்பு (ரப்பர் செருப்பு) எடுத்துப் போங்கள், வழக்கமான அளவைவிட ஒரு அளவு பெரியது.