நலிந்துவரும் அரச பாடசாலைக்குத் துணைநிற்பது எப்படி?

கொழும்பு வடக்கில் மட்டக்குளி, முகத்துவாரம், கொட்டாஞ்சேனைப் பக்கமாக உள்ள சிறிய தமிழ்ப் பாடசாலை ஒன்றுக்கு உதவ விரும்பினால், எதையும் வாங்குவதற்கு முன்னர் அதிபரைச் சந்தியுங்கள். எந்த வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் உள்ளனர், எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, யார் யார் வரவு குறைந்துள்ளனர் என்னும் மூன்றையும் கேட்டறியுங்கள். பாடசாலை மாகாண சபைக்குரியதா, கல்வி அமைச்சின் கீழுள்ள தேசிய பாடசாலையா என்பதையும் தெரிந்துகொண்டால்தான், ஆசிரியர் வெற்றிடம் குறித்த கடிதத்தை உரிய இடத்துக்கு அனுப்ப முடியும்.

என் கருத்தில், வாசிப்பே முதல் வேலை. தரம் 3 பிள்ளை பாடநூலைத் தடையின்றிச் சொல்வதைக் கேட்டு நிறைவடைந்துவிடாதீர்கள். பாடம் மனப்பாடமாகியிருக்கக்கூடும் என்பதால், பிள்ளை முன்பு பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொடுத்து, விரல் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். பலர் கொம்பு எழுத்துகளில்தான் தடுமாறுவர். ‘கெ’, ‘கே’, ‘கொ’, ‘கோ’ ஆகியவற்றில் குறி முன்னே நிற்க ஒலி பின்னே வருவது சிறுவர்க்குக் குழப்பமானது. அந்த நான்கையும் பழகிய சொற்களில் வைத்து ஒரு வாரம் முழுவதும் பயிற்றலாம். ஐந்தாறு பிள்ளைகள், வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம் போதும். பெற்றோரின் சம்மதத்துடன், ஆசிரியர் ஒருவர் உடனிருக்கவே இதை நடத்த வேண்டும்.

1945 முதல் கல்வி இலவசமாக இருந்தாலும், பஸ் கட்டணமும் சப்பாத்தும் கொப்பியும் இல்லாமல் வீட்டில் நிற்கும் பிள்ளைகள் இன்றும் உள்ளனர். தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு வகுப்பாசிரியருடன் செல்லுங்கள். நாட்கூலி வேலைக்குப் போகும் தாயிடம் குறை கூறாமல் காரணத்தைக் கேளுங்கள்.

பணம் கொடுப்பதாயின் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாகக் கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெறுங்கள்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியோர் தொகையைக் கொண்டு பாடசாலையை எடைபோட வேண்டாம். சித்தியடைந்தவர்கள் பெரிய பாடசாலைகளுக்குச் சென்றுவிடுவதால், அந்த வெற்றியே மேல்வகுப்புகளை வெறுமையாக்குகிறது. எஞ்சியிருக்கும் பிள்ளைகளுக்குச் சாதாரண தரப் பரீட்சைக்குரிய கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க முன்வரும் பழைய மாணவரே அங்கு பெருந்துணை.

ஒவ்வொரு பிள்ளையும் எந்த எழுத்தில் நிற்கிறது என்பதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி, அதனை வகுப்பாசிரியரிடமே வைத்துவிடுங்கள். நீங்கள் வர இயலாத தவணையில் மற்றொருவர் அதே இடத்திலிருந்து தொடரலாம்.