உப்புத் தண்ணீரில் துணி நாப்கின் துவைக்க

துணி நாப்கினுக்கு மாறிய நாலைந்து மாதத்தில், "முன்ன மாதிரி உறிஞ்ச மாட்டேங்குது, அப்பளம் மாதிரி விறைக்குது" என்று பலரும் சொல்வதுண்டு. குறை துணியில் இல்லை. மதுரைப் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் கடினநீர், நாம் உப்புத் தண்ணீர் என்கிறோமே, அதுதான். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, கரையாத பிசுக்காக நூலில் படிந்துவிடும்.

கழற்றியதும் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். வெந்நீர் வேண்டாம், ரத்தத்திலுள்ள புரதம் வெந்து கறை அங்கேயே நின்றுவிடும். சிவப்பு போகும்வரை அலசிய பிறகுதான் சோப்பு. அதுவும் குளியல் சோப்பு கூடாது, அரை ஸ்பூன் வாஷிங் பவுடர் போதும். கடைசி அலசலுக்கு மட்டும் உப்பு குறைந்த வைகைக் குழாய்த் தண்ணீரை ஒரு வாளி பிடித்து வையுங்கள். வாசனைக்கு ஊற்றும் கண்டிஷனரும் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும்.

ஏற்கெனவே விறைத்துப்போனதா? ஒரு லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, வழக்கம்போல் துவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

காயப்போடுவதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். சேலைக்கு அடியில் ஒளித்துக் காயப்போட்டால் நடுமடிப்பு ஈரமாகவே இருந்து வாடை பிடிக்கும், பூஞ்சையும் வரும். மொட்டை மாடி வெயிலில் விரித்தே போடுங்கள், யார் பார்த்தால் என்ன! ஐப்பசி அடைமழைக்கு இரண்டு நாப்கின் கூடுதலாக இருக்கட்டும். ஃபேனுக்கு அடியில் காய ஒரு நாளுக்கு மேலாகும்.