தொலைபேசியா, நேர்ச்சந்திப்பா: பயிற்றுவிப்பு அமர்வைத் தெரிவு செய்யும் முறை

திருகோணமலையில் தொழில், வியாபாரம், நேர்முகப் பரீட்சை போன்றவற்றுக்காகத் தனிப்பட்ட பயிற்றுவிப்பாளர் ஒருவரை நாடுவோர், கட்டணத்தைக் கேட்டறிந்த கையோடு, "நேரில வரவேணுமா, கோலில கதைச்சாப் போதுமா?" என்று கேட்பது வழக்கம். இதற்குப் பெரும்பாலும் தூரத்தை வைத்தே விடை சொல்லப்படுகிறது: புல்மோட்டையிலோ வெருகலிலோ இருப்பவருக்குத் தொலைபேசி, உவர்மலையில் இருப்பவருக்கு நேர்ச்சந்திப்பு. தூரம் கவனிக்கவேண்டிய விடயந்தான். ஆனால் அதை இரண்டாமிடத்தில் வைப்பதே நல்லது. அமர்வில் என்ன வேலை நடக்கப்போகிறது என்பதை ஒரே வசனமாகத் தாளில் எழுதிப் பாருங்கள். எந்த வழி பொருந்தும் என்பது அநேகமாக அந்த வசனத்திலேயே தெரிந்துவிடும்.

பயிற்றுவிப்பு என்பது பாடம் நடத்துவதன்று. கேள்விகளைக் கேட்டு, வந்தவரே தமது வழியைக் கண்டுகொள்ளச் செய்வது. இலக்கு என்ன, இப்போதைய நிலை என்ன, எந்தெந்த வழிகள் உள்ளன, எதை எப்போது செய்யப்போகிறீர்கள் என்று நான்கு படிகளில் செல்லும் ‘குரோ’ முறையை ஜோன் விட்மோர் 1992இல் பரவலாக்கினார். இன்றும் பலர் அதே ஒழுங்கில்தான் உரையாடலை நகர்த்துகிறார்கள். இந்த நான்கு படிகளும் சொல்லாலேயே நடப்பவை என்பதால், தொலைபேசியில் இவற்றுக்குப் பெரிய சேதம் நேர்வதில்லை. அமெரிக்காவில் தோமஸ் லெனார்ட் 1990களின் தொடக்கத்தில் இத்தொழிலுக்கென அமைத்த பயிற்சிப் பள்ளியே தொலைபேசிக் கூட்டழைப்பின் வழியாகத்தான் வகுப்புகளை நடத்தியது. ஆகவே, தொலைபேசி என்பது நேரில் வர முடியாதவருக்கான சமாளிப்பு என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடலாம்.

கண்ணால் பார்த்துத் திருத்தவேண்டிய வேலை வேறு. நேர்முகப் பரீட்சைக்கான ஒத்திகையை எடுத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்து உள்ளே வருவது, சான்றிதழ்க் கோவையை எந்தக் கையில் வைத்திருப்பது, அமரச் சொல்வதற்கு முன்பே கதிரையை இழுப்பது, விடை தெரியாத கேள்வி வந்ததும் விரல்கள் கோவையின் நாடாவைச் சுற்றத் தொடங்குவது ஆகியவை கோலில் தெரிவதில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் மூவர் அமர்ந்து பார்த்தால்தான் தெரியும். விடுதி நடத்துபவர் தமது வரவு செலவைச் சீர்செய்ய விரும்பினாலும் இதே கதைதான்: பற்றுச்சீட்டுகள் ஒரு பிஸ்கட் பேணிக்குள் கசங்கிக் கிடக்கும்போது, அவற்றைப் பாயில் கொட்டி மாதவாரியாகப் பிரிக்க இரண்டு சோடிக் கைகள் வேண்டும். அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் கடையில் பிணக்கு என்றால், இருவரையும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது பிணக்கை வளர்க்கும் வழி என்றே சொல்வேன்.

நேர்ச்சந்திப்பின் பக்கம் வாதிடுவோர், தொடர்பாடலில் சொல்லின் பங்கு 7 வீதம் மட்டுமே என்றும், மீதி 93 வீதம் குரலும் முகமும் என்றும் ஒரு கணக்கை எடுத்து வைப்பார்கள். அது 1967இல் அல்பர்ட் மெஹ்ரேபியன் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து பிறந்தது. அங்கே ஆராயப்பட்டது, சொல்லும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது பேசுபவரின் விருப்பு வெறுப்பைக் கேட்பவர் எதிலிருந்து ஊகிக்கிறார் என்பது மட்டுமே. எல்லாப் பேச்சுக்கும் அதைப் பொருத்துவது தவறு என்று அவரே கூறியிருக்கிறார். அந்தக் கணக்கை அப்படியே ஏற்றாலும் குரலுக்கு உரிய 38 வீதம் தொலைபேசியில் எங்கும் போய்விடவில்லை.

இவற்றைவிட முக்கியமானதாக நான் கருதுவது மறைவு. நமது ஊர் சிறியது. பஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள தேநீர்க் கடையில் ஒருவருடன் கோவையை விரித்து அமர்ந்தால், மாலைக்குள் "என்ன, வேலையை விடப் போறீங்களோ?" என்று வீட்டுக்கு விசாரணை வந்துவிடும். அதற்காகத் தொலைபேசி மறைவானது என்றும் நினைக்கக் கூடாது. விறாந்தையில் நின்று பேசினால் குசினிக்குக் கேட்கும், குசினியில் நின்று பேசினால் அடுத்த வீட்டு வேலிக்குக் கேட்கும். கணவரின் கடனைப் பற்றியோ மேலதிகாரியின் நடத்தையைப் பற்றியோ பேச வேண்டிய பெண் ஒருவர், பக்கத்தில் ஆள் இருந்தால் "ஓம், ஓம்" என்பதற்கு மேல் எதுவும் சொல்லமாட்டார். ஆகவே நேரத்தைக் குறிக்கும்போதே, அந்த நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். இயர்போன் போட்டால் மறுபக்கத்துக் கேள்வி பிறருக்குக் கேட்காது, அதுவே பாதிச் சிக்கலைத் தீர்க்கும். கடற்கரைக்குப் போய்ப் பேசலாம் என்று தோன்றும். ஆனால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் டச்சு வளைகுடாவில் நின்று பேசினால் மறுபக்கத்தில் காற்றின் இரைச்சலே கேட்கும். நேரில் சந்திப்பதாயின், உள்ளே பேசுவது வெளியே கேட்காததும், கதவு முழுமையாகச் சாத்தப்படாததுமான அறையைக் கேட்டுப் பெறுவது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

இனித் தூரத்துக்கு வருவோம். 2009இல் 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின், ‘பாதை’ எனப்படும் படகுக்காகக் கரையில் காத்துக்கிடந்த காலம் போய்விட்டது. என்றாலும் பஸ் கட்டணத்துடன், அன்று இழக்கும் அரைநாள் உழைப்பையும் கணக்கிட்டுத்தான் நேர்ச்சந்திப்பின் உண்மையான செலவை அறிய முடியும். மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளியிலும் உப்புவெளியிலும் விடுதி வைத்திருப்பவரால் ஒரு மணித்தியாலம்கூட வெளியேற இயலாது. அவர் அந்த மாதங்களைத் தொலைபேசிக்கும், மழை மாதங்களின் இடைவெளிகளை நேர்ச்சந்திப்புக்கும் ஒதுக்கலாம். பயணத்தில் ஒரு நன்மையும் உண்டு: திரும்பும் பஸ்ஸில் பேசியதை அசைபோட நேரம் கிடைக்கிறது. கோலை வைத்த மறுநிமிடம் உலைக்கு அரிசி போடுபவருக்கு அது கிடைக்காது. ஆதலால் தொலைபேசி அமர்வுக்குப் பின்னும் கால் மணித்தியாலத்தை வெறுமையாக விட்டு வையுங்கள்.

தொலைபேசியைத் தெரிவு செய்தால் அதன் குறைகளை அறிந்து பேச வேண்டும். பழைய முறைக் குரல் இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையான ஒலியையே கடத்துகிறது. ‘ஸ’, ‘ஃப’ போன்ற ஒலிகளின் கூர்மை அதற்கு மேலே இருப்பதால் அவை மழுங்கிக் கேட்கும். பெயர், திகதி, தொகை ஆகியவற்றை இருமுறை சொல்லி, மறுபக்கத்தவரைத் திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். இன்னொன்று தாமதம். நேர்ப்பேச்சில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக ஏறத்தாழ 200 மில்லிசெக்கன் என்று பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. இணைப்பே அந்த அளவு தாமதித்தால் இருவரும் ஒருங்கே பேசி ஒருங்கே நிறுத்துவார்கள். ஒரு மூச்சு விட்டுப் பேசத் தொடங்கினால் இது தீரும். பயிற்றுவிப்பாளர் மௌனமாக இருந்தால் இணைப்பு அறுந்துவிட்டதென்று "ஹலோ, ஹலோ" என்னாதீர்கள், அவர் உங்களுக்கு யோசிக்க நேரம் தருகிறார். உண்மையிலேயே அறுந்தால் யார் திரும்ப எடுப்பது என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வீடியோ விட்டுவிட்டு வருமானால் அதை நிறுத்திவிட்டுக் குரலோடு தொடர்வதே மேல். நேரில் ஒன்றரை மணித்தியாலம் தாங்கும் கவனம் காதில் முக்கால் மணித்தியாலத்தில் களைத்துவிடுவதால், அமர்வைச் சுருக்கமாக வைத்து, தீர்மானித்ததை அன்றிரவே திகதியுடன் வட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள்.

பலருக்கும் பொருந்துவது கலப்பு முறை: முதற்சந்திப்பு நேரில், இடைப்பட்டவை தொலைபேசியில், நேர்முகப் பரீட்சைக்கோ கடை திறப்புக்கோ முந்திய வாரத்தில் மீண்டும் நேரில். உறக்கமின்மை, தொடர்ந்த அழுகை, உயிரை வெறுத்த பேச்சு என்பவை இருந்தால் எந்த வழியிலும் பயிற்றுவிப்பாளர் போதாது. அது உளவளத்துணைக்கும் மருத்துவருக்கும் உரியது, தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழைக்கலாம்.

மூன்று அமர்வுகள் முடிந்ததும், எழுதி அனுப்பிய தீர்மானங்களை எடுத்து, செய்தவற்றையும் செய்யாதவற்றையும் பிரித்துப் பாருங்கள். செய்யாதவை கூடினால் தொலைபேசியை நேர்ச்சந்திப்பாகவோ, நேர்ச்சந்திப்பைத் தொலைபேசியாகவோ மாற்றி இன்னும் இரண்டு அமர்வுகள் பாருங்கள். அதன் பின்னும் மாற்றம் இல்லையென்றால் பயிற்றுவிப்பாளரை மாற்றுங்கள்.