மீன் குஞ்சுகளைச் சாகாமல் கொண்டுபோக

குளத்தில் விடக் கொண்டுபோகும் குஞ்சு வழியில் செத்தால் பலரும் ஆக்சிஜன் குறைவு என்றுதான் சொல்வார்கள், ஆனால் பாதி நேரம் காரணம் அதன் வயிறுதான். சாப்பிட்ட குஞ்சு, அடைத்துக் கொண்டுபோகும் பைக்குள் கழிவு போடும், அதிலிருந்து அம்மோனியா ஏறும், அப்புறம் எவ்வளவு ஆக்சிஜன் அடைத்தும் பிரயோஜனமில்லை. அதனால் கிளம்புவதற்கு முந்தின நாளே தீவனத்தை நிறுத்தி, சுத்தமான ஓடும் தண்ணீரில் வலைக்குள் விட்டு வையுங்கள். நெரிசலுக்கும் கொஞ்சம் பழகிவிடும்.

பாலித்தீன் பையை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு போடுங்கள், மூலைகளைக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் குஞ்சு அங்கே போய்ச் சிக்கி நசுங்கும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் போதும். உள்ளே இருக்கும் காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு, மீதி இடம் முழுக்க ஆக்சிஜன் நிரப்பி இறுக்கமாக ரப்பர் பேண்ட் போடுங்கள். தண்ணீரை அதிகம் ஊற்றினால் கூடுவது வண்டியின் எடையும் வாடகையும்தான்.

செலவு குறைய வேண்டுமா, சின்னக் குஞ்சாக வாங்கினால் ஒரே பையில் நிறைய போகும். ஆனால் குளத்தில் பெரிய மீன் இருந்தால் அவ்வளவும் அதற்கு இரைதான், அங்கே விரலளவு குஞ்சுதான் சரி. பையில் அளவுக்கு மீறித் திணிப்பது சிக்கனமே இல்லை.

பயணம் இரவிலோ விடிகாலையிலோ இருக்கட்டும். வெயில் காலமென்றால் தெர்மாகோல் பெட்டியில், பைக்கு வெளியே ஐஸ்.

குளத்துக்கு வந்ததும் பையைத் திறக்காமல் கால் மணி நேரம் மிதக்க விடுங்கள். திறந்தபின் தாமதம் கூடாது, கரியமில வாயு வெளியேறி அம்மோனியாவின் விஷம் கூடும். குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பையைச் சாய்த்துப் பிடியுங்கள், தானாக நீந்திப் போகட்டும்.