கால் எலும்பு முறிந்தால் முட்டி ஜவ்வையும் சேர்த்துக் கேளுங்கள்

யாங்கோன் நகரத்துக்குள் பைக்குக்குத் தடை, ஆனால் பகோ, மோல்மீன் பக்கம் பைக் இல்லாமல் பிழைப்பு ஏது? விழுந்து தொடையெலும்போ முட்டிக்குக் கீழே உள்ள எலும்போ முறிந்தால் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும், எல்லார் கண்ணும் அதிலேயே நிற்கும். கூடவே கிழிந்த முட்டி ஜவ்வு (எலும்புகளைப் பிணைத்துப் பிடிக்கும் நார்) எக்ஸ்ரேயில் தெரியாது, முறிந்த காலை ஆட்டிப் பார்க்கவும் முடியாது, அதனால் பல நேரம் விட்டுப்போகிறது.

முதலில், தொடையெலும்பு முறிவென்றால் இடுப்பு முதல், முட்டிக்குக் கீழே என்றால் தொடை முதல், கணுக்கால் வரை பலகை வைத்து அசையாமல் கட்டுங்கள். எண்ணெய் போட்டு நீவுவது, இழுத்துவிடுவது வேண்டவே வேண்டாம். அப்புறம் பாதத்தைப் பாருங்கள். சில்லிட்டு வெளுத்திருக்கிறதா, மேல்பக்கம் நாடி துடிக்கிறதா, பெருவிரலைத் தூக்க முடிகிறதா? முட்டி நழுவினால் பின்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாய் அறுந்துபோகலாம், சுமார் 6 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்பாவிட்டால் காலையே இழக்க நேரிடும். கெண்டைக்கால் கல்லாக இறுகி, விரலை லேசாக நீட்டினாலே அலறினால் "ஊசி போட்டாச்சு, பொறுத்துக்கோ" என்று சொல்லாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள், தசைக்குள் அழுத்தம் ஏறுகிறது என்றால் அதைக் குறைக்க டாக்டர் தோலையும் தசை உறையையும் உடனே கீறிவிட வேண்டியிருக்கும்.

ஆபரேஷனில் எலும்புக்குத்தான் முதல் இடம். நீள எலும்பின் நடுவில் முறிவென்றால் உள்ளே ராடு. முட்டியின் மூட்டுப்பரப்பே உடைந்திருந்தால் பிளேட்டும் ஸ்க்ரூவும். வீக்கம் அதிகமென்றால் வெளியே கம்பிச் சட்டம் போட்டு, தோலில் சுருக்கம் விழும்வரை ஒன்றிரண்டு வாரம் காத்திருப்பார்கள், அவசரப்படுத்தாதீர்கள், வீங்கிய தோலைக் கீறினால் புண் ஆறாது. எம்.ஆர்.ஐ. எடுக்க வசதி இருந்தால் உலோகம் வைப்பதற்கு முன்பே எடுப்பது நல்லது, பிறகு படம் கலங்கும்.

இதைக் கட்டாயம் கேளுங்கள்: "எலும்பைச் சரிசெய்ததும், மயக்கம் தெளியும் முன்னே முட்டியையும் சோதிப்பீர்களா டாக்டர்?" முட்டியைச் சுமார் 30 டிகிரி மடக்கி, கீழ்க்காலை முன்னால் இழுத்து, பக்கவாட்டில் தள்ளி, நல்ல காலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தசை தளர்ந்திருக்கும், வலியும் இருக்காது, இதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

கிழிந்த ஜவ்வையெல்லாம் அன்றே தைக்க மாட்டார்கள். உள்பக்க ஜவ்வு பெரும்பாலும் பிரேஸிலேயே (முட்டியைத் தாங்கும் பட்டை) ஆறும். முட்டியின் வெளிப்பக்கப் பின்மூலையில் உள்ள ஜவ்வுகள் மோசமாகக் கிழிந்திருந்தால் இரண்டு மூன்று வாரத்துக்குள் ஆபரேஷன் செய்வது நல்லது. பின் ஜவ்வு எலும்புத் துண்டோடு பிய்ந்து வந்திருந்தால் அதையும் சீக்கிரமே ஸ்க்ரூ வைத்துப் பிடித்துவிடலாம். முன் ஜவ்வுக்குப் பொதுவாக அவசரமில்லை, எலும்பு கூடி முட்டி நன்றாக மடங்கிய பிறகு செய்யலாம்.

தொடைத் தசையை இறுக்கி விடும் பயிற்சியைப் படுக்கையிலேயே தொடங்கச் சொல்வார்கள். மூட்டுப்பரப்பு உடைந்தவர்கள் 6 முதல் 12 வாரம் வரை முழுப் பாரம் ஊன்றக் கூடாது, எப்போது ஊன்றலாம் என்று எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொல்லட்டும். இந்த வருஷத் தீமிதிக்கு இறங்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. ஊன்றுகோலை விடாதவர் வரிசையில் நிற்கவே வேண்டாம்.