துரியோதனன் படுகளம்: முப்பதடி மண் உருவம் செய்யும் முறை

ஆரணி, செய்யாறு, வந்தவாசி, ஆற்காடு என்று பழைய வடாற்காடு முழுக்கத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் முடியும் நாளில் காலையில் படுகளம், அதாவது படுத்த மண் உருவத்தின் மேல் பீமன் துரியோதனனை வீழ்த்தும் கூத்து, மாலையில் தீமிதி. முதன்முறையாகக் களிமண்ணில் கை வைக்கும் இளைஞர்களுக்காக இது. தலை எந்தத் திசை, அடிபடுவது எந்தத் தொடை என்பதெல்லாம் ஊர் வழக்கம். கூத்து வாத்தியாரிடமும் பெரியவர்களிடமும் கேட்டுக்கொண்டு கயிறு பிடியுங்கள்.

முப்பதடி உருவத்துக்கு மண் சுமார் மூன்று யூனிட் (யூனிட் என்றால் நூறு கன அடி) வேண்டும். மிதித்தால் அமுங்கும் என்பதால் நான்காகவே சொல்லிவையுங்கள். ஏரி வண்டல் ஒரு பங்கு, மீதி சாதாரணச் செம்மண். கூடவே மணல், உமி அல்லது நறுக்கிய வைக்கோல், முளைக்குச்சி, கயிறு. ஆள் எட்டுப் பேர். உருவத்தைச் சுற்றிப் பத்தடியாவது காலி இடம் விடுங்கள், பீமனும் துரியோதனனும் ஓடித் துரத்த வேண்டுமே.

முதலில் அளவு. கிரீடம் 3 அடி, முகம் 4, கழுத்து 1, உடல் 9, கால் 13. தோள் அகலம் 8 அடி, இடுப்பு 5. கைகள் பக்கவாட்டில் விரிந்து, ஒன்றில் கதாயுதம். முகம் உடலுக்குப் பெரிதாகத் தெரியும், தெரியட்டும். கால்மாட்டில் நிற்பவர்களுக்கு அது எட்ட வேண்டும். அதற்காகவே தலைக்கு அடியில் ஒன்றரை அடி மேடு போட்டுச் சாய்த்து வையுங்கள். மூக்கை முக்கால் அடியாவது எடுங்கள்.

அடுத்து உள்மண். தரையைக் கொத்தி நனைக்காமல் மண் கொட்டினால் அடியோடு வழுக்கி நகரும். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது, அதுதான் பதம். அரையடி அரையடியாகப் போட்டு மிதியுங்கள். ஓரத்தைச் செங்குத்தாக வெட்டினால் வெயிலில் சரியும், சரிவாகவே இறக்குங்கள்.

மேல்பூச்சு மூன்று விரற்கடை கனம். வண்டல் மூன்று சட்டிக்கு மணல் ஒன்று, உமி அரை. வெறும் வண்டலைப் பூசினால் காய்ந்து சுருங்கி, பத்து மணிக்குள் மார்பு முழுக்க வெடிப்புதான். ஈரச் சாக்கைப் போர்த்தி வைத்தால் தாங்கும்.

இனி தொடை. காந்தாரியின் பார்வை பட்டு வஜ்ரமான உடம்பில் மிச்சமிருந்த இடம் அது. கண்ணன் அதைச் சாடையாகக் காட்டிய பிறகுதான் பீமனால் வீழ்த்த முடிந்தது. உங்கள் வேலையிலும் மிகக் கவனம் வேண்டிய இடம் இதுவே. கூத்துக்காரர் ஏறி மிதித்தாலும் தாங்க வேண்டும், கதையால் அடித்தால் உடனே உடைய வேண்டும். தொடையை இரண்டடி உயரம் எழுப்பி நன்றாக இறுக்கி, ஓரடிப் பள்ளம் எடுங்கள். அடியில் மணல் பரப்பி, இரத்தமாகக் காட்டும் சிவப்பு நீருக்கு இரண்டு லிட்டர் மண் கலயத்தை வாய் மேலாக வையுங்கள். வாயை வாழையிலையால் மூடி, மேலே ஒரு விரற்கடைக்கு மிகாமல் மண் பூசுங்கள். கனமாகப் பூசினால் பீமன் நாலு அடி அடித்தும் உடையாது, அந்த இரத்தம் தொட்டு அம்மன் கூந்தல் முடிக்கும் நேரத்தில் காட்சியே தடைப்படும். இரத்தத்தை முன்னாலேயே ஊற்றி வைக்காதீர்கள். சுடுமண் கலயம் கசிந்து தொடை இளகிப்போகும். படுகளத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு ஊற்றி மூடினால் போதும்.

இரத்தத்துக்கு மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்டைக்காயளவு சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு வரும். கூந்தலில் படுவது, ஆகவே சுண்ணாம்பை அதிகமாக்காதீர்கள். உருவத்துக்கும் எனாமல் பெயின்ட் வேண்டாம். காவி, சுண்ணாம்பு, மஞ்சள், கரி போதும். இந்த மண்ணைப் பெண்கள் எடுத்துப்போய் நெல் குதிரில் போடுவார்கள்.

முகத்துக்கு வருவோம். கோரைப்பல் வைத்து அரக்கனாக்கிவிடுவது புதியவர்கள் வழக்கம். தயவுசெய்து வேண்டாம். இடும்பனையும் பகாசுரனையும் கொன்ற பீமனே நேர்வழியில் வெல்ல முடியாத வீரன் இவன். இவன் மனைவி பெருந்திருவாளின் ஒப்பாரிக்கு ஊரே அழுவது ஒரு மன்னனுக்காக. ஆகவே திறந்த கண், கரியில் முறுக்கு மீசை, நெற்றியில் திலகம், கூத்தில் கட்டும் கட்டைகளைப் (மர அணிகளை) போலவே அகன்ற கிரீடமும் புஜக்கீர்த்தி என்ற தோள் அணியும் மார்புப் பதக்கமும். பளபளப்புக்காகக் கண்ணாடித் துண்டு, ஆணி எதையும் பதிக்காதீர்கள், மேலே நடப்பவை வெறுங்கால்கள்.

ஆட்டம் முடிந்து சனம் மண் அள்ளத் தொடங்குவதற்கு முன்பே இருவர் குனிந்து கலயத்தின் ஓடுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிவிடுங்கள். மாலையில் தீமிதிக்குப் போகிறவர்களும் இந்தத் திடலைத்தான் மிதித்துப் போவார்கள்.